சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

இவ்விதழில் இதுகாறும் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் நம் மரபில் தோன்றிய ஆடவர்தம் வரலாறுகளே. அறச்சாலை நிறுவினோர், வாணிகத்தால் பொருளீட்டிக் கோயில் திருப்பணி செய்தோர், நீதிமன்றங்களில் புகழ் பெற்றோர் ஆகியோரைப் பற்றி யாமும் எழுதியுள்ளேம், பிறரும் எழுதியுள்ளனர். இத்திங்கள் யாம் எடுத்துக்கொண்ட அம்மையார் நம் மரபினருமல்லர், ஆடவருமல்லர். இஃது என்ன புதுமை என்று முதியோர் சிலர் வினவுதல் கூடும். ஒருவர் செய்த நன்மை நம் வீட்டு வாயில்வரை வந்து, நம் தாயரும் தமக்கையரும் எழுத்தறிதற்கு வழி செய்திருக்குமாயின், அவர் எக்குலத்திற் பிறந்தார் என்று ஆராய்ந்து அதன் பின்னரே நன்றி கூறுவது முறையன்று என்பது எம் கருத்து.

நாம் கோபாலபுரத்தினின்று கிழக்கே, முன்னாளில் லாயிட்ஸ் சாலை என்றும் இந்நாளில் ஔவை சண்முகம் சாலை என்றும் வழங்கும் வழியே கடற்கரைப் பக்கம் செல்வோமாயின், ஐஸ் ஹவுஸ் என்று ஊரார் அழைக்கும் வட்ட வடிவான பழங்கட்டடத்தை அடைதல் மிகுந்த தொலைவன்று. அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தற்கு டியூடர் என்னும் வணிகர் 1842-ஆம் ஆண்டளவில் கட்டுவித்த பண்டசாலை அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியமையால் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் விளங்குகின்றது. குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டும் பெற்றோர் இவ்விரண்டு செய்திகளையும் சொல்லி மீள்வர். மூன்றாவது செய்தியொன்று உண்டு. பல ஆண்டுகள், கணவனை இழந்த சிறுமியர் பலர் அக்கட்டடத்திலே வாழ்ந்து கல்வி கற்றனர். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரே சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். தந்தையார் அரசாங்கப் பணியில் இருந்தவர். மகளுக்கு ஒன்பது வயது ஆனபோது, செங்கற்பட்டுப் பகுதியில் நடைபெற்ற நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். பெண் மகவு பள்ளிக்குச் செல்வதே அருமையாயிருந்த காலத்தில் இத்தேர்ச்சி தந்தையார்க்கு எத்துணை மகிழ்ச்சி அளித்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் குல வழக்கம் அம்மகிழ்ச்சியினும் வலியதாயிருந்தது. பதினொன்றாம் வயதில் மணம் முடித்தனர். மணம் முடிந்து சிறிது காலத்துள் மணமகன் இறந்தான். மணவாழ்க்கை யாது என்று அறியுமுன் அச்சிறுமி கைம்பெண் ஆயினள்.

இக்காலத்து இளையோர்க்கு இச்சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் கிடைக்கும். அக்காலத்தில் அதன் பொருளை உடம்பே அறியும். தலைமயிரை மழித்தல், ஒரு வேளை உணவு, தரையிற் படுக்கை, நல்ல காரியங்களில் முகங்காட்டாமை, வீட்டின் பின்கட்டில் ஓயாத வேலை என்று அது விரியும். புறநானூற்றிலே பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் கொடுமையை எண்ணித் தீப்பாய்தலே நன்றெனத் துணிந்தாள். அவள் அரசி, வாழ்ந்து முதிர்ந்தவள், தானே ஒன்றைத் துணிந்து கூறும் நிலையினள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கோ துணிவதற்கும் உரிமையில்லை, மறுப்பதற்கும் உரிமையில்லை. கைம்பெண் மறுமணத்திற்கு இடமளிக்கும் சட்டம் 1856-லேயே இயற்றப்பட்டிருந்தது என்பது உண்மை. 1881-இல் இராசமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு அத்தகைய மணத்தை நடத்தியும் காட்டினார். எனினும் சட்டப் புத்தகத்திற்கும் அடுக்களைக்கும் இடையே இருந்த தொலைவை அச்சட்டத்தால் கடக்க முடியவில்லை.

இங்கேதான் தந்தையாரின் பெருமை விளங்குகின்றது. சுப்பிரமணிய ஐயர் சீர்திருத்த மேடையில் முழங்கியவரல்லர். மணத்தைத் தடுக்கும் துணிவும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் துயர் நேர்ந்தபின், மகளின் தலையை மழிக்க அவர் இசைந்தாரில்லை. பின்கட்டுக்கு அனுப்பவும் இசைந்தாரில்லை. தாமே வீட்டில் பாடஞ்சொல்லிப் பின்னர்ச் சென்னையில் கிறித்தவக் கன்னித்துறவியர் நடத்திய பள்ளியிற் சேர்த்தார். உறவினர் பழித்தனர், அண்டை வீட்டார் நகைத்தனர். யாம் ஆசிரியத் தொழிலில் இருபதாண்டுக்கு மேல் இருந்து அறிந்த அளவில், பெண்ணின் கல்விக்குத் தடை நேருமிடத்துப் பெரும்பாலும் பொருள் முட்டுப்பாடு முதற் காரணமாயிருப்பதில்லை. உறவினர் என்ன சொல்வரோ என்னும் அச்சமே முதற் காரணமாயிருக்கின்றது. அவ்வச்சத்தை அத்தந்தை பொறுத்துக்கொண்டார். அவருடன், தாமும் இளமையிலே கணவனை இழந்தவராகிய சிற்றன்னையார் வாலாம்பாள் அவ்வீட்டுப் பொறுப்பை ஏற்றுத் துணை நின்றார். அம்மையாரின் பெயர் பரவிய அளவிற்கு இச்சிற்றன்னையாரின் பெயர் பரவவில்லை. சமைத்தும், பரிமாறியும், நோயுற்ற சிறுமியரைக் காத்தும் கழிந்த அவர் வாழ்நாள் இல்லாவிடின் பின்னர் யாம் சொல்லப்போகும் இல்லம் ஓராண்டும் நிலைத்திராது.

பள்ளிக் கல்வி முடித்து, அம்மையார் மாநிலக் கல்லூரியிற் பயின்று 1911-ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்து இந்துப் பெண்டிருள் பட்டம் பெற்றவர் அவரே முதல்வர் என்பர். இதனை உலகப் பரப்பில் வைத்து நோக்குதல் நன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இல் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1883-இல் இரு பெண்மணிகள் பட்டம் பெற்றனர். ஆக்ஸ்போர்டோ 1920 வரை பெண்களுக்குப் பட்டமளிக்கவில்லை. கேம்பிரிட்ஜ் 1948 வரை முழுப்பட்டம் தரவில்லை. மேனாட்டார் எல்லாவற்றிலும் முந்தினர், நாம் எல்லாவற்றிலும் பிந்தினோம் என்று கூறித் திரிவார்க்கும், நம் நாட்டில் குறையே இருந்ததில்லை என்று கூறித் திரிவார்க்கும் இவ்வாண்டுகள் ஒருங்கே விடை கூறும். ஒரு கைம்பெண் கல்லூரிக்கு நடந்து செல்வதைத் தீய நிமித்தமாகக் கருதிய ஊரிலேயே, கேம்பிரிட்ஜ் மறுத்த பட்டத்தை அவள் பெற்றாள்.

நிற்க. பட்டம் பெற்றபின் அம்மையார் தம்மளவில் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தமக்குக் கிடைத்த தந்தை எல்லாச் சிறுமியர்க்கும் கிடைக்கவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வாண்டளவிலேயே எழும்பூரில் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டில் இளங்கைம்பெண்கள் ஒரு சிலரை வைத்துக்கொண்டு கற்பிக்கலானார். அச்சிறு தொடக்கமே சாரதா இல்லமாக வளர்ந்தது.

இவ்விடத்தில் அக்காலத்து நிலைமையைச் சற்று விளக்குதல் வேண்டும். இன்றேல் இல்லம் வளர்ந்த காரணம் விளங்காது. பெண்களுக்குப் பள்ளிகள் வேண்டுமென அரசினர் விரும்பினர். பெற்றோரோ ஆண் ஆசிரியரிடத்துப் பெண்ணை அனுப்பார். கிறித்தவப் பள்ளிகளுக்கு அனுப்பவும் பலர் அஞ்சினர். ஆசிரியைகள் வேண்டும், அவர்கள் பெற்றோர் மதிக்கும் குடும்பத்தினராக இருத்தல் வேண்டும். மணமான பெண்கள் வீட்டை விட்டு வரார். மணமாகாத பெண் பன்னிரண்டு வயதுக்கு மேல் எவ்வீட்டிலும் இலள். எஞ்சி நின்றவர் கைம்பெண்களே. எவ்வீட்டாரும் வேண்டாத பாரமெனக் கருதிய சிறுமியரே நாட்டுக்கு இன்றியமையாத ஆசிரியைகளாகக் கூடும் என்னும் உண்மையை அம்மையாரும், பெண்பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த லிஞ்ச் என்னும் மாதும் ஒருங்கே உணர்ந்தனர். புனாவில் கார்வே பெருமகனார் 1896-இல் தொடங்கிய கைம்பெண் இல்லமும், பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனமும் வழிகாட்டிகளாக இருந்தன. அரசினர் உதவிப்பணம் அளிக்க முன்வந்தனர். இல்லம் எழும்பூரினின்று திருவல்லிக்கேணிக்கும், பின்னர் 1910-களின் பிற்பகுதியில் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கும் பெயர்ந்தது. அம்மங்கையர் அவரைச் சகோதரி என்றழைக்க, அதுவே ஊரார் வழங்கும் பெயருமாயிற்று.

அவ்வில்லத்தில் வாழ்ந்த சிறுமியர் பலர் தலை மழிக்கப்பட்டு வந்தவர்கள். சிலர் தம் பெயரையும் எழுத அறியாது வந்தனர். எழுதப் படிக்கக் கற்று, தேர்வுகளில் தேறி, ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தமிழ்நாட்டின் பல ஊர்ப் பள்ளிகளுக்கு அவர்கள் சென்றனர். முன்னர் எந்த வாயிலில் தீக்குறியெனக் கருதப்பட்டனரோ, அந்த வாயில் வழியே திங்கள்தோறும் ஊதியம் கொண்டுவந்து தம்பியர்க்குக் கல்வியளித்த நிலையும் உண்டாயிற்று. அரைநூற்றாண்டுக்கு முன்வரை நம் ஊர்ப் பெண்பள்ளிகளில், கரையற்ற எளிய புடைவை உடுத்து, கண்டிப்பும் அன்பும் ஒருங்கமைந்து பாடஞ்சொன்ன முதிய ஆசிரியைகளை நம் சங்கத்துப் பாட்டிமார் பலர் நினைவு கூர்வர். அத்தலைமுறையினர் எவ்வழி வந்தனர் என்று நாம் வினவியதில்லை.

இனி, அம்மையார்மீது கூறப்படும் குறைகளையும் மறைத்தல் தகாது. இல்லம் பார்ப்பனக் கைம்பெண்களுக்கென்றே நடந்தது. அரசினர் உதவியும் அந்நிபந்தனையோடு கூடியதே. ஏனைய மரபினரில் கைம்மை எய்திய சிறுமியர்க்கு அங்கே இடமில்லை. நம் மரபினரும் அவ்வேனையோருள் அடங்குவர் என்பதை யாம் மறந்துவிட்டு எழுதவில்லை. அன்றியும் இல்லத்தினுள் ஆசாரங்கள் வழுவாது காக்கப்பட்டன. மறுமணத்தை அம்மையார் முன்னிறுத்திப் பேசினாரில்லை. அவ்வாறு பேசியிருப்பின் பெற்றோர் அஞ்சித் தம் பெண்களை மறுநாளே திரும்ப அழைத்துச் சென்றிருப்பர் என்பது அவர் கொண்ட கணக்கு. இக்கணக்குச் சரியா தவறா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அதே 1886-இல் பிறந்து, 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க நேர்நின்று போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியாரோடு ஒப்பிடுவார், சுப்பலட்சுமி அம்மையாரை அச்சமுடையவர் என்பர். யாம் அவ்வாறு கூறேம். முன்னவர் வாயிலை இடித்துத் திறந்தார். பின்னவர் உள்ளிருந்தோர்க்குத் தாழ்நீக்கக் கற்றுக்கொடுத்தார். ஆயினும் மரபு வேலி பற்றிய குறை குறையே. அதனை எச்சொல்லாலும் மூடுதல் இயலாது.

அவ்வேலியை அம்மையாரே பின்னர்ச் சிறிது சிறிதாகத் தாண்டினார் என்பதையும் உடன் கூறவேண்டும். 1922-இல் கடற்கரையில் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அதனைச் சார்ந்த பயிற்சிப் பள்ளியும் நிறுவப்பட்டபோது அவரே முதல் தலைவியானார். அங்கே பயின்றோர் எல்லா மரபினரும் எல்லாச் சமயத்தாரும் ஆவர். கடற்கரைக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் பள்ளி ஏற்படுத்தினார். 1920-களில் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1938-இல் அது இராமகிருட்டிண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டுத் தியாகராய நகரில் வளர்ந்தது. அப்பள்ளியிற் பயின்ற பெண்டிர் நம் சங்கக் குடும்பங்களிலும் பலர் உளர்.

அரசுப் பணியில் இருந்தமையால் அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் வெளிப்படையாகச் சேர்தற்கு அம்மையார்க்கு இயலவில்லை. ஆயினும் குழந்தை மணத்தைப் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த ஜோஷி குழுவின் முன் அவர் சான்று கூறினார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் பெயர் அதனைக் கொணர்ந்த ஹர்பிலாஸ் சாரதா என்பவர் பெயர். அம்மையாரின் சாரதா இல்லத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. எம் மாணாக்கர் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்புவர். ஆதலின் இதனை இங்கே குறித்தேம். பதினொரு வயதில் மணக்கோலம் பூண்டவர், நாற்பது வயது கடந்து, குழந்தைக்கு மணக்கோலம் ஆகாதென்று சட்டம் வகுப்போர் முன்னிலையில் நின்று சொன்னார். இதனினும் பொருந்திய சான்று வேறு யார் கூறியிருத்தல் கூடும்?

அவ்வயது 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்த்தப்பட்டது. எனினும் 2019–21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்டிரில் நூற்றுக்கு 12.8 பேர் பதினெட்டு நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். இந்திய நாடு முழுமையும் நோக்கின் நூற்றுக்கு 23 பேருக்கு மேல். ஐக்கிய நாடுகள் மன்றம் 2012 முதல் அக்டோபர் 11-ஆம் நாளைப் பெண் குழந்தைகள் நாளாகக் கொண்டாடுகின்றது. பள்ளிகளில் யாமும் கொண்டாடுகின்றேம். கூட்டம் முடிந்து மாலை சூட்டி மீளும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணனினும் மிகுந்த மதிப்பெண் பெற்றும், அண்ணன் பொறியியல் கற்கப் பணம் வேண்டுமாதலின் தான் அருகிலுள்ள கல்லூரியில் ஏதேனும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளப் போவதாக ஒரு பெண் எம்மிடம் கூறுவாள். ஆண்டுதோறும் அத்தகைய ஒருத்தியையேனும் யாம் காண்கின்றேம். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமை உண்டாயிற்று. கல்விக்கெனச் செலவிடும் பொருளும் குடும்பச் சொத்தே என்பதை நம் குடும்பத் தலைவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. நம் சங்கத்துக் கல்வி உதவித்தொகையும் இதுவரை மகன்களுக்கே மிகுதியாகச் சென்றிருக்கின்றது. விண்ணப்பங்கள் அவ்வாறே வருகின்றன என்று பொறுப்பாளர் கூறுவது உண்மைதான். விண்ணப்பம் எழுதித் தரவேண்டிய தந்தை எழுதித் தராததே அதற்குக் காரணம்.

அம்மையாரின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறுவேம். 1920-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்து பொற்பதக்கம் அளித்தது. பணியினின்று ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓய்ந்தாரில்லை. 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்த பெண்டிர்க்கான பள்ளி. பருவத்தில் பள்ளியை விட்டு விலக்கப்பட்டு, மணமாகிப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபின், மீண்டும் பாடப்புத்தகத்தைக் கையில் எடுக்க நாணியிருந்த தாய்மார் அங்கே வந்தமர்ந்தனர். அவர் செய்த செயல்களுள் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. கைம்பெண்ணுக்குக் கல்வி வேண்டுமென்பதற்கு அக்காலத்தார் ஒரு காரணம் கண்டனர். அவளுக்கு வேறு பிழைப்பில்லை என்றனர். கணவனும் வீடும் உடைய பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்னும் வினாவுக்கு அக்காரணம் விடையாகாது. கற்க விரும்புகின்றாள் என்பதே போதிய காரணம் என்று அம்மையார் அப்பள்ளியைத் திறந்து காட்டினார்.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் நலநிலையம் ஒன்று அவர் முயற்சியால் அமைந்தது. மயிலாப்பூர் மாதர் கழகத்தின் தலைவியாக இருந்தபோது, 1956-இல் வித்யா மந்திர் பள்ளி தோன்றக் காரணமாயிருந்தார். 1958-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மோனிகா பெல்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அம்மையாரோடு உரையாடி அவர்தம் வரலாற்றை 1960-களில் நூலாக்கினார். விரிவாக அறிய விரும்புவோர் அந்நூலை நாடுக.

மயிலாப்பூரிலே பிறந்த அம்மையார், எண்பத்து மூன்று வயது நிரம்பி, 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று இறைவனடி சேர்ந்தார். கைம்பெண்கள் பட்டினி நோன்பு நோற்க வேண்டுமென்று அவர் இளமையில் விதிக்கப்பட்டிருந்த நாட்களுள் ஏகாதசியும் ஒன்று.